மைக்கேல் என்றொரு பெயர்

பேராக் வீடுகளும் போர்களும் – பகுதி 9

1919 ஆகஸ்டு 26ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பத்தொன்பது மணி நேரம் உயிரோடு இருந்தது. பிறகு கண் மூடிவிட்டது. அந்தக் குழந்தைக்கு மைக்கேல் என்று பெயர்.

அது தாய்மாமன் பெயர். நம் குடும்பங்களில் தாய்மாமனுக்கு என்று ஓர் இடம் உண்டு. முதல் முடி இறக்குவதும் காது குத்துவதும் அவர் மடியில்தான். இந்தக் குழந்தைக்கு அந்த மடி முன்பே இல்லாமல் போயிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1915 ஜூலை 10 அன்று, தாய்மாமன் மைக்கேல் டேலி துருக்கியின் கலிப்போலிக் கரையில் பிரிட்டிஷ் படைவீரராக உயிர் விட்டிருந்தார். இறந்த அண்ணனின் பெயரைத் தங்கை தன் தலைப்பிள்ளைக்கு வைத்தார். பிள்ளையும் தங்கவில்லை.

அந்தத் தங்கையை மலேசியத் தமிழர்கள் அறிவார்கள். ஈப்போ டாக்டர் கார்த்திகேசுவின் மனைவி சிபில் கார்த்திகேசு. ஜப்பானியர் காலத்தில் கொரில்லாக்களுக்கு மருந்து கொடுத்ததற்காகச் சித்திரவதைப்பட்டவர், ஜார்ஜ் பதக்கம் பெற்றவர். அவரைப் பற்றிப் புத்தகம் உண்டு, தொலைக்காட்சித் தொடர் உண்டு, ஈப்போவில் அவர் பெயரில் சாலையும் உண்டு. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், அவர் முதல் உலகப் போரில் மாண்டார் என்பது பலருக்குத் தெரியாது.

இதுவரை இத்தொடரில் படைகளின் பின்னால் நடந்தோம். சென்ற வாரம் கம்பார் குன்றுகளில் நின்றோம். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை, லெஸ்டர், ஈஸ்ட் சரே படைகளின் வீரர்களும் பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்களும் ஜப்பானியரை அங்கே தடுத்து நிறுத்தியதைப் பார்த்தோம். இந்த வாரம் குன்றிலிருந்து இறங்கி ஒரு வீட்டுக்குள் போவோம். பட்டாளத்துக்குப் போனவர் திரும்பாத வீட்டில், அதன் பிறகு போர் என்ன ஆகிறது? அதை அறிய இந்த ஒரு குடும்பத்தின் கதை போதும்.

தைப்பிங், 1892

மைக்கேல் பிறந்தது தைப்பிங்கில், 1892 நவம்பர் 12 அன்று. தந்தை ஜோசப் டேலி, ஐரிஷ் வழிவந்த யூரேசியர், தோட்டத் தொழில் செய்தவர். தாய் பியட்ரிஸ் மாட்டில்டா, யூரேசியர், மருத்துவச்சி. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போன குடும்பம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் உள்ள மேடானில் 1899 செப்டம்பர் 3 அன்று சிபில் பிறந்தார். ஐந்தாவது பிள்ளை, ஒரே பெண். அண்ணன்மார் நடுவே வளர்ந்த ஒற்றைத் தங்கைக்கு ஓர் அண்ணன் யார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

1892இல் தைப்பிங் சிறிய ஊராக இருந்தாலும் பேராக்கின் தலைநகர். லாருட் ஈயச் சுரங்கங்களின் பணம் அங்கே குவிந்தது. நாட்டின் முதல் ரயில் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு 1885 ஜூன் 1 அன்று ஓடத் தொடங்கியிருந்தது. அது பட்டாள ஊரும்கூட. 1873இல் கேப்டன் ஸ்பீடி இந்தியாவிலிருந்து அழைத்துவந்த ஆட்கள் படிப்படியாகப் பேராக் சீக்கியர் படையாக வளர்ந்தார்கள். 1896இல் அதுவே மலாய் மாநிலங்களின் காவல் படையாக, மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸாக, உருமாறியபோது தலைமையகம் தைப்பிங்கிலேயே அமைந்தது. காலையில் அணிவகுப்பு மைதானத்திலிருந்து எழும் கட்டளைக் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது.

அதே ஊரில், அதே 1892இல், ஜூன் 17 அன்று, கணபதிப்பிள்ளை–தங்கம் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். ஆறுமுகம் என்று பெயரிட்டார்கள். மைக்கேலுக்கு ஐந்து மாதம் மூத்தவன். பின்னாளில் கத்தோலிக்க மறையில் ஆப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு என்று வழங்கப்பட்டவர் இவர்தான். ஆறுமுகம், கார்த்திகேசு இரண்டுமே முருகன் பெயர்கள். தேவர்களின் படைத்தலைவன் பெயரைச் சுமந்தவர் மருத்துவரானார். ஐந்து மாதம் இளையவரான மைக்கேல் படைக்குப் போனார். போனவரின் தங்கையை மருத்துவர் மணந்தார். ஒரு சிற்றூரின் ஒரே ஆண்டுப் பிறப்புப் பதிவில் அடுத்தடுத்து வரக்கூடிய இரண்டு பெயர்கள் ஒரே குடும்பத்தில் வந்து சேர்ந்தன. ஆனால் மைத்துனர் முறை தொடங்குவதற்குள் ஒருவர் போய்விட்டார்.

கலிப்போலி, 1915

1915 ஏப்ரல் 25 அன்று பிரிட்டிஷ், பிரெஞ்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிப்போலித் தீபகற்பத்தில் இறங்கின. கான்ஸ்டாண்டிநோப்பிளுக்குப் போகும் கடல்வழியைத் திறப்பது நோக்கம். வழி திறக்கவில்லை. எட்டு மாதம் கடற்கரையோரக் குழிகளில் கிடந்து, 1916 ஜனவரியில் எஞ்சியவர்கள் இரவோடு இரவாகக் கப்பலேறினார்கள். நேசப் படையில் 40,000 பேருக்கு மேலும், துருக்கிப் படையில் 80,000 பேருக்கு மேலும் அந்தச் சிறு நிலத்தில் செத்தார்கள். இந்தியப் படைகளும் அங்கே இருந்தன. ஜூன் 4ஆம் நாள் ஒரே தாக்குதலில் 14ஆம் சீக்கியர் படைப்பிரிவு தன் ஆட்களில் பெரும்பகுதியை இழந்தது.

மைக்கேல் மாண்ட ஜூலை 10, வரலாற்று நூல்களில் தனித்து நிற்கும் நாள் அல்ல. ஜூலை 5இல் ஒரு பெருஞ்சண்டை முடிந்திருந்தது. அடுத்தது 12இல் தொடங்கவிருந்தது. இரண்டுக்கும் இடையில், வெயிலும் ஈயும் வயிற்றுக்கடுப்பும் ஆட்களைத் தின்ற நாட்களில் ஒன்று. அவருக்கு வயது 22. சிபிலுக்குப் பதினாறு நிறையவில்லை.

அதே ஆண்டில் தைப்பிங் பட்டாளத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர் தொடங்கியதும் மலாய் ஸ்டேட்ஸ் கைட்ஸ் வெளிநாட்டுப் போர்முனைக்குப் போவதாகப் பேச்சு எழுந்தது. பிறகு வீரர்கள் மறுத்தார்கள். எங்கள் ஒப்பந்தம் மலாய் மாநிலங்களுக்கு மட்டும்தான் என்பது அவர்கள் வாதம். 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் இந்தியச் சிப்பாய்களின் கலகம் வெடித்தபோது, அங்கிருந்த கைட்ஸ் மலைப்பீரங்கிப் பிரிவிலிருந்தும் சிலர் அதில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பின்னர் ஏடனில் போரிட்டார்கள். 1919இல் படையே கலைக்கப்பட்டது.

தைப்பிங்கில் பிறந்த ஒருவர் பேரரசுக்காகக் கலிப்போலியில் உயிர் கொடுத்த ஆண்டிலேயே, தைப்பிங்கைத் தலைமையிடமாகக் கொண்ட படையின் சிலர் அந்தப் பேரரசை எதிர்த்து எழுந்தார்கள். ஒரே ஊரின் பட்டாளக்காரர்கள் ஒரே பக்கம் நிற்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 28 ஆண்டுகள் கழித்து ஈப்போவில் இதே காட்சி மீண்டும் வரப்போகிறது.

புரூஸ்டர் சாலை, எண் 141

1919 ஜனவரி 7 அன்று கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் செயின்ட் ஜான் தேவாலயத்தில் சிபிலுக்கும் கார்த்திகேசுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை இந்து வீட்டுப் பிள்ளை என்பதால் பெண் வீட்டார் முதலில் தயங்கினார்கள். மாப்பிள்ளையின் தந்தை சம்மதம் தந்தபின் தடை நீங்கியது.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே மைக்கேல் பிறந்து மறைந்த துயரம். சிபிலின் தாய் மருத்துவச்சி அல்லவா? பிள்ளை இழந்த தாயின் கை வெறுமையாக இருக்கக் கூடாது என்று அறிந்தவர். தாம் பிரசவம் பார்த்துப் பிறந்து, தங்கள் புடு வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்த வில்லியம் பிள்ளை என்ற குழந்தையைத் தத்தெடுத்துக்கொள்ளும்படி மகளிடம் சொன்னார். வில்லியம் 1918 அக்டோபர் 25இல் பிறந்தவன். 1921 பிப்ரவரி 26இல் ஓல்கா நலமாகப் பிறந்தாள். அந்த ஏப்ரலில் சிபில் ஈப்போவுக்கு வந்தபோது இடுப்பில் ஓல்கா, கையைப் பிடித்துக்கொண்டு வில்லியம், துணைக்குத் தாய். இளையவள் டான் 1936 செப்டம்பர் 21இல் ஈப்போவில் பிறந்தாள்.

1926 முதல் கணவனும் மனைவியும் புரூஸ்டர் சாலை 141ஆம் எண்ணில் மருந்தகம் நடத்தினார்கள். இன்று அது சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை. சிபில் தாதியர் பயிற்சியும் மருத்துவச்சிப் பயிற்சியும் பெற்றவர். கன்டனீஸ் மொழியைச் சரளமாகப் பேசுவார். கிந்தா பள்ளத்தாக்கு அன்று ஈயத்தால் வாழ்ந்த சீனர் நிறைந்த நாடு. பிரசவ வலியில் துடிக்கும் சீனப் பெண்ணிடம் அவள் மொழியிலேயே ஆறுதல் சொல்லும் மருத்துவச்சியை அந்த ஊர் எப்படி மறக்கும்? பின்னால் அந்த வீட்டுக் கதவை இரவில் தட்டியவர்கள் நம்பி வந்ததற்குக் காரணம் இந்தப் பதினைந்து ஆண்டுப் பழக்கமே.

பப்பான், எண் 74

1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அந்த மாத நடுவில் ஈப்போ மீது குண்டு விழுந்தது. மாத இறுதியில் ஊர் அவர்கள் கையில். ஜப்பானியர் நுழைவதற்குச் சில நாட்கள் முன் கார்த்திகேசு குடும்பம் பக்கத்திலுள்ள பப்பானுக்குப் போய்விட்டது. பப்பான் பத்து காஜாவுக்கு அருகில் உள்ள பழைய ஈயச் சுரங்க ஊர். ஒற்றைக் கடைத்தெரு. அதில் 74ஆம் எண் வீடு.

அந்த வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி மறைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு ஜோசபின் என்று பெயர். பி.பி.சி. செய்தி கேட்டதற்கு அன்று தலை போகும். சிபில் கேட்டார். கேட்டதைச் சொல்லவும் செய்தார். இரவில் காட்டிலிருந்து மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் வந்தார்கள். குண்டடி பட்டவர்கள், மலேரியாவில் நடுங்கியவர்கள், புண் புரையோடியவர்கள். அவர் குண்டை எடுத்தார், கட்டுப் போட்டார், மருந்து கொடுத்து அனுப்பினார். டாக்டரும் வில்லியமும் உடன் நின்றார்கள். யாரும் சீருடை அணியவில்லை. யாருக்கும் படை எண் இல்லை. ஆனாலும் வீடு முழுவதும் போரில் இருந்தது.

1943இல் பிடிபட்டார்கள். ஜப்பானிய ராணுவப் போலீஸ் கெம்பித்தாயின் கையில் சிபில் பட்டதை முழுவதும் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அது பிள்ளையைப் பற்றியது. ஏறத்தாழ ஏழு வயதே ஆன டானைக் கயிற்றால் கட்டி மரத்தில் தொங்கவிட்டார்கள். கீழே நெருப்பு மூட்டினார்கள். கொரில்லாக்களின் விவரத்தைச் சொல், இல்லையென்றால் கயிறு இறங்கும் என்று யோஷிமுரா என்ற சார்ஜண்ட் தாயைப் பார்த்துச் சொன்னார். சிபில் சொல்லவில்லை. குழந்தையும் அம்மாவைச் சொல்லச் சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் வந்து தடுத்ததால் டான் பிழைத்தாள்.

ஒரு பிள்ளையைப் பத்தொன்பது மணி நேரத்தில் இழந்தவர் அந்தத் தாய். அவர் கண்ணெதிரே கடைசிப் பிள்ளை நெருப்பின் மேல் தொங்கியது. அந்த நிமிடத்தில் அவர் காட்டிக்கொடுத்திருந்தால் உலகில் எந்தத் தாயும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டாள். அதனால்தான் அவர் காத்த மௌனத்தின் எடையை நம்மால் அளக்க முடிவதில்லை.

பத்து காஜா சிறையில் அடைத்தார்கள். வாழ்நாள் தண்டனை. அதே சிறையில்தான் 1944 ஜூன் 29 அன்று ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் இரகசியப் படையின் லிம் போ செங் இறந்தார். 1945இல் ஜப்பான் சரணடைந்தபின் சிபில் வெளியே வந்தபோது அவரால் நடக்க முடியவில்லை. சிகிச்சைக்காக பிரிட்டனுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். யோஷிமுராவுக்குப் போர்க்குற்ற நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அதே ஊரில் இன்னொரு வீடு

1943இன் ஈப்போவை இந்த ஒரு வீட்டோடு முடித்தால் கதை பாதிதான். சிபில் பிடிபட்ட அதே ஆண்டில், அதே ஈப்போவில் பிறந்த இரண்டு சகோதரிகள் எதிர்ப்பக்கம் நின்ற படையில் சேர்ந்தார்கள். நவரத்தினம் வீட்டுப் பெண்கள், பொன்னம்மாவும் ராசம்மாவும். 1927 மே 1 அன்று பிறந்த ராசம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. பின்னாளில் ராசம்மா பூபாலன் என்று நாடறிந்தவர்.

1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். மறுநாள், கேப்டன் லட்சுமியின் தலைமையில், ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். முந்தின வாரம் வரை மங்கும் வாளியும் பிடித்த கைகள். கட்டளைகள் இந்துஸ்தானியில் வந்தன. அவர்கள் ஊர்ப்பேச்சில் புரிந்துகொண்டு ஒரே சீராக அடி வைத்தார்கள். ஈப்போ சகோதரிகள் இருவரும் பர்மா வரை போனார்கள்.

1945 ஏப்ரலில் ரங்கூன் கைநழுவியபோது அந்தப் பெண்கள் மழையிலும் சேற்றிலும் பகலில் ஒளிந்து இரவில் நடந்தார்கள். போஸும் உடன் நடந்தார். திரும்பும் வழியில் ரயில் மீது கொரில்லாக்கள் சுட்டதில் இருவர் இறந்தார்கள்.

இங்கே நின்று யோசிக்க வேண்டும். சிபில் எதிர்த்தது ஜப்பானியரை. ராசம்மா சேர்ந்த படையோ ஜப்பானியரின் துணையோடு பிரிட்டிஷாரை எதிர்த்தது. இருவரும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால் போரின் கணக்கில் எதிரிகள். யார் சரி என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் ஒப்புதல் இல்லை. சிபிலின் வீட்டு வாசலில் குண்டடி பட்டவன் வந்து நின்றான். மருத்துவச்சியின் வீட்டில் வளர்ந்தவர் கதவைச் சாத்த முடியாது. ராசம்மாவின் காதில் விழுந்தது இந்தியாவின் விடுதலை. பதினாறு வயதில் அந்த அழைப்பைக் கேட்டவரும் வீட்டில் உட்கார முடியாது. இரண்டு வீடுகளும் தாம் கண்ட அநீதியை எதிர்த்து எழுந்தன.

பின்வந்த வாழ்க்கையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ராசம்மா போருக்குப் பின் படித்து ஆசிரியையானார். 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றிருந்த முறையை எதிர்த்துப் போராடினார். அரசுப் பணியில் சம ஊதியம் வந்தபோது அதில் அவர் பங்கு பெரிது. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் தலைமை ஆசிரியையாக இருந்தார். துப்பாக்கியை இறக்கிவைத்த பிறகும் அவர் போராட்டத்தை இறக்கிவைக்கவில்லை.

லயத்து வீடுகள்

டேலி வீட்டுக்கும் நவரத்தினம் வீட்டுக்கும் பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது. பேராக்கில் மூன்றாவது வகை வீடு ஒன்று உண்டு. தோட்டத்து லயம்.

1877இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அங்கிருந்து தொடங்கிய பயிர் அடுத்த அரை நூற்றாண்டில் சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் என்று பேராக் முழுவதும் பரவியது. கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மாலையில் லயம். 1941 டிசம்பரில் துரைமார் காரேறிப் போனார்கள். கங்காணியும் கிராணியும் தொழிலாளியும் அப்படியே நின்றார்கள். ரப்பரை வாங்க ஆளில்லை. சம்பளம் இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, சட்டைக்குப் பதில் சாக்கு.

அந்த லயங்களிலிருந்து ஆண்கள் சயாமுக்குப் போனார்கள். சிலர் நல்ல கூலி என்ற பேச்சை நம்பினார்கள். பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் தமிழர்கள். காலராவிலும் பசியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். 1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. ஐந்து நாள் கழித்து ஜான்சி ராணி முகாம் திறந்தது. பர்மாவுக்குச் சென்ற இந்திய தேசிய ராணுவத்தினர் பலர் இந்தப் பாதையில்தான் பயணம் செய்தார்கள். ஒரே லயத்தில் அண்ணன் சாகும்வரை மண் சுமந்த பாதையில், தம்பியோ தங்கையோ படை உடையில் ரயிலேறிப் போயிருக்கக்கூடும். சயாமுக்குப் பிடித்துப் போகாமல் தப்பிக்கவே படையில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. தேசபக்தியும் உயிர்பயமும் ஒரே மனத்தில் இருந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இவர்களை நம் எழுத்தாளர்கள்தான் முதலில் நினைவில் நிறுத்தினார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’, ‘இமையத் தியாகம்’ ஆகிய நாவல்கள் இல்லையென்றால் பல பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா ஏன் திரும்பவில்லை என்பதே தெரிந்திருக்காது.

தைப்பிங் போர்க் கல்லறையில் 850க்கும் மேற்பட்ட வீரர்களின் நினைவிடங்கள் உள்ளன. அவற்றில் 500க்கும் மேற்பட்டவை பெயர் தெரியாதவை. ஆனாலும் கல் இருக்கிறது, புல் வெட்ட ஆள் இருக்கிறார். சயாம் காட்டில் விழுந்த தோட்டத் தமிழனுக்குத் தனக்கென ஒரு கல்லும் இல்லை. அவன் பெயர் இருந்த ஒரே இடம் தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோல். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது, லயங்கள் இடிந்தன. செக்ரோல் எங்கே போயிற்று என்று யாரைக் கேட்பது?

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவர் கதை ஒன்று இருந்தால், அவரோடு நிறுத்தாதீர்கள். அவர் போன பிறகு அரிசிக்கு என்ன செய்தார்கள், யார் யாரைத் தத்தெடுத்தார்கள், யார் பெயரை யாருக்கு வைத்தார்கள் என்று கேளுங்கள். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய அட்டை, பின்பக்கம் ஏதோ எழுதிய புகைப்படம், கோயில் உபயப் பலகையில் உள்ள பெயர், தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு, எல்லாமே சான்றுதான். டேலி குடும்பத்தில் ஒரு படைவீரர் இருந்தார் என்ற செய்தியே பத்தொன்பது மணி நேரம் வாழ்ந்த ஒரு குழந்தையின் பெயரில் தங்கித்தானே நம்மிடம் வந்தது? பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.

நான்கு நாள்

பிரிட்டனில் படுத்த படுக்கையாக இருந்தபடி சிபில் தம் நினைவுகளை எழுதினார். அது ‘நோ டிராம் ஆஃப் மெர்சி’ என்ற நூலாக 1954இல் வந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2010இல், அவர் கதையைச் சொன்ன ‘அப்பா டோசாக்கு’ என்ற மலாய்த் தொலைக்காட்சித் தொடரில் சிபிலாக நடித்தவர் இலேன் டேலி. சிபிலின் உடன்பிறந்தவர் வழிப் பேத்தி. பப்பான் 74ஆம் எண் வீடும் நினைவகமாயிற்று. ஆனால் தம் நூல் அச்சாவதைப் பார்க்க சிபில் இல்லை. ஜப்பானியப் பூட்ஸ் காலால் தாடையில் பட்ட காயம் சீழ் வைத்து, 1948 ஜூன் 12 அன்று 48 வயதில் இறந்தார். ஸ்காட்லாந்தின் லானர்க்கில் அடக்கம் செய்தார்கள். ஜார்ஜ் பதக்கம் கையில் கிடைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தன.

அவர் இறந்த நான்காம் நாள், ஜூன் 16 காலையில், சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 18இல் மலாயா முழுவதும் அவசரகாலம். சிபில் எந்தக் கொரில்லாக்களுக்குக் கட்டுப் போட்டாரோ அவர்களில் பலர் மீண்டும் காட்டுக்குப் போனார்கள். அவர்களைத் தலைமை தாங்கியவர் பேராக்கின் சித்தியவானில் பிறந்த சின் பெங். ஜப்பானியரை எதிர்த்ததற்காக பிரிட்டிஷ் அரசு அவருக்கும் ஓ.பி.ஈ. விருது கொடுத்திருந்தது. அந்த விருது திரும்பப் பறிக்கப்பட்டது. காட்டுக்கு மருந்து கொடுத்ததற்காக சிபிலுக்குப் பதக்கம் தந்த அரசு, இப்போது காட்டுக்கு அரிசி கொடுத்தவரைச் சிறையில் தள்ளியது.

1949இல், அந்தப் புதுப் போருக்கு நடுவே, சிபிலின் உடல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. முதல் உலகப் போரில் இறந்த தன் வீரர்களை பிரிட்டிஷ் அரசு எந்தக் குடும்பத்துக்கும் திருப்பி அனுப்பவில்லை. விழுந்த மண்ணிலேயே விட்டது. மைக்கேலும் அப்படித்தான் கலிப்போலியில் தங்கிவிட்டார். தங்கை பேராக் மண்ணுக்குத் திரும்பினார்.

அண்ணன் பெயர் படைவீரர் பட்டியலில் இருக்கிறது. தங்கை பெயர் எந்தப் படையின் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்த வீட்டின் போரைச் சுமந்து முடித்தவர் அவர்தான்.

அடுத்த வாரம்: 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட். அந்தக் காலையில் லயங்களில் இருந்தவர்கள்.

(தொடரும்)